மை தொடாத விளிம்பு

மார்பகத்தை முழுவதும் எடுக்காமல், புற்றுக்கட்டியை மட்டும் அகற்றும் அறுவை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘மார்ஜின்’, அதாவது எடுத்த துண்டின் விளிம்பு, என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் இருந்தன. மார்பக அறுவை மருத்துவரும், எடுத்த திசுவைச் சோதிக்கும் பாத்தாலஜி மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் 1.8 செ.மீ. கட்டி. அதை மட்டும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘முன் விளிம்பு 0.5 மி.மீ., மற்ற விளிம்புகள் 5 மி.மீ.க்கு மேல்’ என்று இருக்கிறது. டாக்டர் போதும் என்கிறார். பெரியம்மாவோ, ‘அரை மில்லிமீட்டர் எல்லாம் ஒரு இடைவெளியா, திரும்ப எடுக்கச் சொல்லு’ என்கிறார். யார் சொல்வது சரி?
*– வாசகி, கும்பகோணம்*

உங்கள் டாக்டர் சொல்வது சரி. ஏன் என்று தெரிந்தால் பெரியம்மாவும் ஒத்துக்கொள்வார்.

கட்டியைத் தனியாக யாரும் எடுப்பதில்லை. சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு ஓர் உருண்டையாக எடுப்பார்கள். அந்த உருண்டையின் வெளிப்புறம் முழுவதும் பாத்தாலஜிஸ்ட் மை பூசுவார். பிறகு அதைத் துண்டு போட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். மை எங்கே தெரிகிறதோ அதுதான் கத்தி போன இடம். புற்றணு அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பு பாசிட்டிவ். அந்தப் பக்கம் உடம்புக்குள்ளும் மிச்சம் இருக்கலாம் என்று பொருள்.

மை தொடவில்லை என்றால் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதில்தான் பல வருடங்கள் சண்டை நடந்தது. சிலர் 2 மி.மீ. கேட்டார்கள், சிலர் 5, சிலர் 10. அமெரிக்காவின் புற்றுநோய் அறுவை சங்கமும் கதிர்வீச்சு மருத்துவச் சங்கமும் 33 ஆய்வுகளில் இருந்த 28,162 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் ஒரு முடிவு சொன்னார்கள். மையில் புற்றணு இருந்தால் அதே மார்பில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைந்தது இரண்டு மடங்கு ஆகிறது. மை தொடாத விளிம்பு கிடைத்துவிட்டால், அதற்கு மேல் அகலத்தைக் கூட்டுவதால் சொல்லும்படியான லாபம் இல்லை. ஆக, பரவும் வகைப் புற்றுக்கு ‘கட்டியின் மேல் மை இல்லை’ என்பதே போதும். இது அறுவைக்குப் பிறகு மார்பு முழுவதற்கும் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, கொடுக்கப்படுகிறவர்களுக்கு. அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரிட்டனில் 1 மி.மீ. கேட்கிறார்கள். 2022-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வும் குறைந்தது 1 மி.மீ. என்ற பக்கமே சாய்கிறது. அந்த அளவுகோலை வைத்தாலும் உங்கள் அம்மாவின் நிலை மாறாது என்றே நினைக்கிறோம், ஏனென்றால் அவருக்கு நெருக்கமாக இருப்பது முன் விளிம்பு. முன் விளிம்புக்கு அந்தப் பக்கம் இருப்பது தோலும் அதனடியில் கொழுப்பும்தான். அங்கே பால்சுரப்பித் திசுவை ஏற்கெனவே முழுவதுமாக எடுத்திருந்தால், திரும்பப் போய் எடுக்க ஒன்றும் கிடையாது. பின் விளிம்பும் அப்படியே. மார்புத் தசையின் மேலுள்ள உறை வரை எடுத்திருந்தால் அங்கே சுரப்பித் திசு மிச்சமில்லை. ‘தோல் வரை எடுத்தீர்களா?’ என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பில் இருக்கும்.

ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: டி.சி.ஐ.எஸ். என்ற எழுத்துகள். அது பால்நாளத்துக்குள்ளேயே இருக்கும் புற்று. பரவும் புற்று எதுவும் இல்லாமல் டி.சி.ஐ.எஸ். மட்டும் இருந்தால் கணக்கு வேறு: 2016-இல் வந்த வழிகாட்டுதல் 2 மி.மீ. கேட்கிறது. அது நாளத்தின் வழியே விட்டுவிட்டுப் போகக்கூடியது. நடுவில் நல்ல இடம், தாண்டி மறுபடியும் நோய். அதனால்தான் கூடுதல் இடைவெளி. பரவும் புற்றோடு கொஞ்சம் டி.சி.ஐ.எஸ். சேர்ந்திருந்தால் ‘மை தொடாமை’ விதியே பொருந்தும்.

எதற்கு இந்த மில்லிமீட்டர் கணக்கெல்லாம்? மார்பையே எடுத்துவிட்டால் நிம்மதிதானே?
*– வாசகர், ஈரோடு*

உயிர்காப்பில் வித்தியாசம் இல்லை. மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி 701 பெண்களிடமும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1,851 பெண்களிடமும் நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வந்தன. இரண்டு ஆய்விலும், மார்பை முழுவதும் எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்காதவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, கொடுத்தவர்களில் 14.3 சதவீதம். அன்றைய மருந்துகளின் காலத்து எண் அது. இன்று இன்னும் குறைவு. முழு மார்பை எடுப்பதும் சில பேருக்குத் தேவைப்படும். ஆனால் பயத்தினால் மட்டும் எடுக்க வேண்டியதில்லை. முழு மார்பை எடுத்தாலும் விளிம்பு என்று ஒன்று உண்டு, அதுவும் பாசிட்டிவாக வரலாம்.

முதுகலை அறுவை மாணவன். கையில் தட்டுப்படும் 2 செ.மீ. கட்டியை எடுக்கும்போது எவ்வளவு தள்ளி வெட்டுவது, எங்கே தவறு நடக்கிறது என்று விளக்க முடியுமா? மை தொடாமை போதும் என்றால் ஒட்டியே வெட்டலாமா?
*– மதுரை*

ஒட்டி வெட்டக் கூடாது. ‘மை தொடாமை’ பாத்தாலஜிஸ்ட் சொல்லும் முடிவு. அறுவை மேஜையில் நீங்கள் வைக்கும் இலக்கு அது அல்ல. கையில் தட்டுப்படும் விளிம்புக்கு அப்பால் சுற்றிலும் ஏறக்குறைய 1 செ.மீ. நல்ல திசு என்பதே நடைமுறை. கையில் தட்டுப்படாத நீட்சிகளும் டி.சி.ஐ.எஸ்.ஸும் அந்த ஒரு செ.மீ.க்குள் பெரும்பாலும் அடங்கும்.

அப்படியானால் 2 செ.மீ. தள்ளி எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 செ.மீ. கட்டிக்கு 1 செ.மீ. சுற்று என்றால் 4 செ.மீ. உருண்டை, சுமார் 33 மி.லி. அதுவே 2 செ.மீ. சுற்று என்றால் 6 செ.மீ. உருண்டை, 113 மி.லி. மூன்று மடங்குக்கும் மேல்! 300 மி.லி. அளவுள்ள மார்பில் முதலாவது 11 சதவீதம், இரண்டாவது 38 சதவீதம். இருபது சதவீதத்தைத் தாண்டினால் வெறுமனே மூடித் தைத்து அழகு நிற்காது. பக்கத்துத் திசுவை நகர்த்தியோ, மார்பைச் சிறிதாக்கும் முறையிலோ, விலாப்புறத்திலிருந்து திசுவைத் திருப்பிக் கொண்டுவந்தோ நிரப்ப வேண்டியிருக்கும். கீழ்ப்பாதியில் அப்படி எடுத்துவிட்டுப் பள்ளத்தை அப்படியே விட்டால், கதிர்வீச்சுக்குப் பிறகு காம்பு கீழே வளைந்து பறவை அலகு போல ஆகிவிடும். எனவே அகலத்தைக் கூட்டுவது பாதுகாப்பு அல்ல. இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் பாதுகாப்பு.

முதல் தவறு கத்தி எடுப்பதற்கு முன்பே நடக்கிறது. மேமோகிராமை இரண்டு கோணத்திலும் தியேட்டர் திரையில் போடாமல் தொடங்குவது. கை சொல்லும் 2 செ.மீ.க்கு வெளியே கால்சியம் துகள்கள் (டி.சி.ஐ.எஸ். இருக்கலாம் என்பதற்கான அடையாளம்) ஒரு வரிசையாகக் காம்பை நோக்கிப் போயிருக்கும். அது கைக்குத் தெரியாது. அப்படி இருந்தால் இரண்டு முனையிலும் அடையாளக் கம்பி வைத்து, அந்த நடுப்பகுதி முழுவதையும் எடுக்கத் திட்டமிட வேண்டும். லோபுலார் (பால்சுரப்பி மடல்களில் தொடங்கும்) வகைப் புற்றிலும் இதே ஏமாற்றம்: அணுக்கள் ஒற்றை வரிசையாக ஊடுருவுவதால் கட்டியின் ஓரமே கையில் நிற்காது. இவர்களுக்கு முன்கூட்டியே எம்.ஆர்.ஐ. எடுப்பது வீண்செலவல்ல.

இரண்டாவது, கீறல். காம்பைச் சுற்றிப் போட்டால் தழும்பு தெரியாது என்று, கட்டியிலிருந்து 6 செ.மீ. தள்ளிப் போட்டு உள்ளே சுரங்கம் தோண்டுவார்கள். தூரத்து விளிம்பு அப்போது கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் பாசிட்டிவ் வரும். தழும்பை மறைக்கலாம், ஆனால் கட்டியின் நான்கு பக்கமும் கண்ணில் பட வேண்டும். தோல் கட்டியோடு ஒட்டியிருந்தாலொழிய தோலை எடுக்க வேண்டாம்.

வெட்டும்போது இடது கை விரல்கள் கட்டியின் மேலேயே இருக்கட்டும். கட்டியை நேரடியாகக் கிடுக்கியால் பிடிக்காதீர்கள். பிடித்து இழுத்தால் சுற்றியுள்ள கொழுப்பு நழுவிப் பின்வாங்கும், கத்தி நேரே கட்டியின் மேல் போய் நிற்கும். சுற்றுத் திசுவுக்குத் தையல் போட்டு அதைப் பிடித்து இழுங்கள். ஆழத்தில் மார்புத் தசையின் உறையையும் சேர்த்து எடுங்கள். கட்டிக்கு மிக அருகே காட்டரியை (மின்சூட்டுக் கத்தியை) அதிகச் சூட்டில் ஓட்டாதீர்கள். கருகிய ஓரத்தில் அணுவின் உருவமே சிதைந்துவிடும். அது புற்றணுவா, பொசுங்கிய நல்ல அணுவா என்று சொல்ல முடியாமல் பாத்தாலஜிஸ்ட் திணறுவார்.

தியேட்டரில் அல்ட்ராசவுண்ட் இருந்தால், கட்டி கையில் தட்டுப்பட்டாலும் அதைப் பயன்படுத்துங்கள். நெதர்லாந்தில் 134 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் வந்தது. வெறும் கையை நம்பி எடுத்ததில் 17 சதவீதத்தினருக்கு விளிம்பு பாசிட்டிவ். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே எடுத்ததில் 3 சதவீதம். புரோபை (அல்ட்ராசவுண்டின் கைப்பிடிக் கருவியை) ஸ்டெரைல் உறையில் போட்டு, வெட்டும் தளத்துக்கும் கட்டிக்கும் இடையே எத்தனை மி.மீ. என்று அவ்வப்போது அளந்தால் போதும். எடுத்த துண்டையும் சலைன் ஊற்றிய கிண்ணத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

கட்டி வெளியே வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். குழியின் சுவர்களிலிருந்து இன்னொரு மெல்லிய அடுக்கைச் சீவி எடுப்பது நல்ல பழக்கம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 235 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சீவாதவர்களுக்கு 34 சதவீதம் பாசிட்டிவ், சீவியவர்களுக்கு 19 சதவீதம். இரண்டாவது அறுவையும் 21-லிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. சீவலின் எந்த முகம் வெளியே, எது குழியைப் பார்த்தது என்று தையல் போட்டுக் குறிக்க மறந்தால் மட்டும் அவ்வளவும் வீண். புதிய வெளிமுகத்துக்குத்தான் மை. குழியைப் பார்த்த முகத்தில் புற்றணு இருந்தால் அதற்குப் பொருளே வேறு.

கடைசியாகக் குழியின் நான்கு சுவரிலும் அடியிலும் டைட்டானியம் கிளிப் வைத்துவிட்டுத்தான் திசுவை நகர்த்தி மூட வேண்டும். கதிர்வீச்சு மருத்துவர் கூடுதல் டோஸ் கொடுக்க அந்த இடத்தைத் தேடுவார். நகர்த்திய பிறகு வைத்தால் கிளிப் இருக்கும், இடம் இருக்காது.

தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். எடுத்த துண்டை எங்களிடம் கொடுப்பார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
*– வாசகி, நாகர்கோவில்*

உங்கள் கையில்தான் விளிம்பின் முகவரி இருக்கிறது. பரவலாக உள்ள வழக்கம்: குட்டைத் தையல் மேல்பக்கம், நீளத் தையல் வெளிப்பக்கம், இரட்டைத் தையல் ஆழம். ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இதே வழக்கம் இல்லை. ஆகவே ‘குட்டை – மேல், நீளம் – வெளிப்பக்கம், இரட்டை – ஆழம், இடது மார்பு’ என்று படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். இடதா வலதா என்பதை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே தலைகீழாகும். நூலின் நீள வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும், 2 செ.மீ., 3 செ.மீ. என்று வைத்தால் ஃபார்மலினில் சுருண்டு இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

எக்ஸ்ரேக்குப் போகிற துண்டைத் தட்டுகளுக்கு இடையே அழுத்தி நசுக்க வேண்டாம். வெளியே வந்த கொழுப்புத் திசு தானே தோசை மாவு போலப் படியும். இன்னும் அழுத்தினால் ஓரத்தில் இருந்த நல்ல கொழுப்பு பிதுங்கி விலகி, உடம்புக்குள் 4 மி.மீ. இருந்த இடைவெளி ஸ்லைடில் ஒன்றுமில்லாமல் தெரியும். எக்ஸ்ரே இரண்டு கோணத்தில் எடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

பிறகு ஃபார்மலின். துண்டைப்போலப் பத்து மடங்கு அளவு, 10 சதவீத பஃபர்டு ஃபார்மலின், வாயகன்ற டப்பாவில். சலைனில் போட்டு மறுநாள் அனுப்புவதுதான் மிகப் பெரிய கேடு. உடம்பை விட்டு வெளியே வந்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனைகள் இந்த நேரத்தை நம்பித்தான் நிற்கின்றன. பாத்தாலஜி துறை அதே கட்டிடத்தில் இருந்தால், மை பூசி முடிக்கும்வரை ஃபார்மலின் இல்லாமல் உடனே கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் மேல். ஈரம் ஒற்றி எடுத்து, முகத்துக்கு ஒரு நிறமாக ஆறு நிறம் பூசி, மை காய்ந்த பிறகே அவர்கள் வெட்டுவார்கள். வழுக்கும் ஈரப் பரப்பில் மை விரிசல் வழியே உள்ளே இறங்கினால் பொய்யான பாசிட்டிவ் வரும். அதனால் துண்டை நீங்களோ மருத்துவரோ தியேட்டரில் கீறிப் பார்க்காதீர்கள். ஆர்வத்தில் போடும் ஒரு கீறல் விளிம்பையே அழித்துவிடும்.

என் மனைவிக்கு முதல் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்து ‘ஒரு பக்கம் பாசிட்டிவ், திரும்ப எடுக்கணும்’ என்றார்கள். மேஜையிலேயே பார்த்துச் சொல்ல முடியாதா? டாக்டர் சரியாகச் செய்யவில்லையா?
*– வாசகர், திருநெல்வேலி*

இரண்டாம் முறை போக வேண்டி வருவது கவனக்குறைவின் அடையாளம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 55,297 பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2012-இல் சொன்ன கணக்குப்படி ஐந்தில் ஒருவருக்கு இரண்டாவது அறுவை நடந்தது. டி.சி.ஐ.எஸ். சேர்ந்திருந்தவர்களில் 29.5 சதவீதம், பரவும் புற்று மட்டும் இருந்தவர்களில் 18 சதவீதம். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத நோய்தான் முக்கியக் காரணம்.

மேஜையிலேயே பார்க்கும் வழிகள் உண்டு, எல்லாவற்றிலும் ஓட்டையும் உண்டு. ஃப்ரோசன் செக்‌ஷனில் திசுவை உறைய வைத்துச் சீவி, 20–30 நிமிடத்தில் சொல்வார்கள். மார்பில் கொழுப்பு அதிகம், கொழுப்பு சரியாக உறையாது, சீவும்போது கிழியும். மேலும் 4 செ.மீ. உருண்டையின் வெளிப்பரப்பு சுமார் 50 சதுர செ.மீ.; அவ்வளவையும் அரை மணியில் பார்க்க முடியாது, சில இடங்களை மட்டும் பார்ப்பார்கள். ஸ்லைடில் ஒற்றி எடுத்துப் பார்க்கும் முறை வேகமானது, திசுவும் வீணாகாது. ஆனால் மேற்பரப்பில் உள்ள அணுதான் ஒட்டும், ‘அரை மி.மீ. தள்ளி’ என்று அளக்க முடியாது. பாத்தாலஜிஸ்ட் தியேட்டருக்கே வந்து துண்டை வெட்டிக் கண்ணால் பார்ப்பதும் கையில் தட்டுப்படும் கட்டிக்கு நல்ல உதவி, டி.சி.ஐ.எஸ். மட்டும் அதில் தப்பிவிடும். இறுதி முடிவு மெழுகுக் கட்டை ஸ்லைடில்தான்.

உங்கள் மனைவிக்கு ஒரு பக்கம்தான் பாசிட்டிவ் என்றால் அந்தப் பக்கச் சுவரை மட்டும் எடுத்தால் போதும். அந்தப் பக்கம் எது என்று சொல்ல முடிந்ததே முதல் துண்டில் தையல் அடையாளம் சரியாக இருந்ததால்தான்.

தங்கைக்கு 5 செ.மீ. கட்டி. கீமோவுக்குப் பிறகு ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. அப்புறம் எதற்கு ஆபரேஷன், எதை எடுப்பார்கள்?
*– வாசகி, சேலம்*

ஸ்கேனில் இல்லை என்றால் மைக்ரோஸ்கோப்பிலும் இல்லை என்று ஆகாது. அந்த இடத்தை எடுத்துப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் பழைய 5 செ.மீ. முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. எங்கே எடுப்பது என்பதற்குத்தான் கீமோ தொடங்கும் முன்போ, முதல் ஒன்றிரண்டு ஊசிக்குள்ளோ கட்டியின் நடுவில் ஒரு சிறு உலோகக் கிளிப் வைப்பார்கள். தங்கைக்கு அது வைக்கப்பட்டதா என்று இன்றே கேளுங்கள். தோலில் பச்சை குத்துவது மட்டும் போதாது. படுத்தால் மார்பு நகரும், குறி ஒரு பக்கம், கட்டி இருந்த இடம் ஒரு பக்கம் ஆகும்.

கட்டி இரண்டு விதமாகச் சுருங்கும். ஐஸ்கட்டி உருகுவதுபோல் நடுவை நோக்கிச் சுருங்கினால் வேலை எளிது. சில சமயம் பெரிய கட்டி கரைந்து, பழைய பரப்பு முழுவதும் கடுகு இறைத்தாற்போல் சிறுசிறு புள்ளிகள் மிஞ்சும். அப்போது மை தொடாமல் வந்தாலும், புள்ளிகள் விளிம்பு வரை சிதறியிருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்வது நியாயம். 2014 வழிகாட்டுதல் கீமோ முதலில் பெற்றவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேமோகிராமில் கால்சியம் துகள்கள் மிச்சம் இருந்தால், கட்டி மறைந்திருந்தாலும் அவற்றை எடுத்தாக வேண்டும். எடுத்த துண்டின் எக்ஸ்ரேயில் கிளிப் தெரியாமல் ஆபரேஷனை முடிக்கக் கூடாது.

சாதாரணக் கட்டி என்று நினைத்து உள்ளூரில் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் புற்று என்று வந்திருக்கிறது. ‘விளிம்பு சொல்ல இயலாது’ என்று எழுதியிருக்கிறார்கள். இனி முழு மார்பையும் எடுக்க வேண்டுமா?
*– வாசகி, பட்டுக்கோட்டை*

கட்டாயம் இல்லை. ஆனால் அவசரமாக வேண்டியவை சில. எடுத்த ஆஸ்பத்திரியிலும் லேபிலும் மெழுகுக் கட்டைகளையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மார்பகப் புற்று அதிகம் பார்க்கும் மையத்தில் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மார்புக்கும் மேமோகிராம், அக்குளுக்கு அல்ட்ராசவுண்ட். துண்டுதுண்டாகவோ தையல் குறி இல்லாமலோ எடுத்ததால் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது; ஆகவே பழைய தழும்போடு குழியின் எல்லாச் சுவரையும் எடுக்க வேண்டிவரும். குழியில் தேங்கிய நீர்ப்பையை உடைக்காமல் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு மொத்தமாக எடுப்பது சுத்தமான வழி. மார்பு சிறியதென்றால் மிஞ்சுவது குறைவு. அங்கேதான் முழு மார்பு என்ற பேச்சு வரும்.

மற்ற வாசகிகளுக்கு: மார்பில் எந்தக் கட்டியானாலும் முதலில் 14-ஆம் எண் ஊசியால் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில் முடிகிற காரியம். ‘எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்ற சொல்லுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு முறை எடுத்தும் பாசிட்டிவ். மூன்றாவது முறை முயலலாமா?
*– வாசகி, யாழ்ப்பாணம்*

இத்தனை முறைதான் என்று விதி இல்லை. பாசிட்டிவ் எவ்வளவு என்று கேளுங்கள்: ஓரிடத்தில் ஒரு மி.மீ. மட்டுமா, பல ஸ்லைடுகளில் அகலமாகவா? பல ஸ்லைடுகளில் அகலமாக என்றால், நோய் படங்களில் தெரிந்ததைவிடப் பெரியது என்பதே சேதி. அடுத்த கத்திக்கு முன் மேமோகிராமைத் திரும்ப எடுத்து மிச்சத் துகள்களைத் தேட வேண்டும், எம்.ஆர்.ஐ.யும் உதவும். ரிப்போர்ட்டில் எல்.சி.ஐ.எஸ். (பால்சுரப்பி மடல்களுக்குள்ளேயே இருக்கும் அணு மாற்றம்) என்று இருந்தால், அதில் சாதாரண வகை விளிம்பில் இருப்பதற்காகத் திரும்ப வெட்ட வேண்டியதே இல்லை. அதைப் பாசிட்டிவ் என்று தவறாக எண்ணியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படி இல்லாமல் நோய் பரந்திருந்தால், அதே சமயத்தில் புதிய மார்பு அமைக்கும் அறுவையோடு முழுவதும் எடுப்பதைப் பற்றிக் கேட்கலாம். அதை முடிவு செய்யும் நாளில் பிளாஸ்டிக் சர்ஜனும் கதிர்வீச்சு மருத்துவரும் உடன் இருக்கட்டும், ஏனென்றால் பின்னால் கரண்டு தேவைப்படுமா என்பதைப் பொறுத்துத்தான் சிலிகானா, சொந்தத் திசுவா என்பது முடிவாகும்.